விருந்துக்குப் போன இடத்தில் நாலு நாள்

கார்த்திகை 8, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். கறம்பக்குடியிலிருந்து முதல் பஸ். பஸ் கம்பெனி ஆள் என்பதால் எனக்கு டிக்கெட் கிடையாது. சலவைச் சட்டை, முழங்கை வரை ஈரம்.

தங்கை சிவகாமியின் புருஷன் புது ரூட்டுக்குப் பர்மிட் வாங்கியிருக்கிறார். அதற்காக விருந்து. இன்றும் வாய் தவறி அவரை ‘முதலாளி’ என்றே கூப்பிட்டேன். கல்யாணமாகி நாலு வருஷம், இன்னும் ‘மாப்பிள்ளை’ என்று வாய் வரவில்லை. அவருடைய பஸ் கம்பெனியின் கறம்பக்குடி ஆபீசில் டிக்கெட் எழுதுகிறவன்தானே நான். அவரும் திருத்தவில்லை. சிரித்துக்கொண்டார்.

புதுக்கோட்டைக்கு வெளியே, தரைப்பாலம் தாண்டி ஓட்டல். ஒரு காலத்தில் துரைமார் வந்து தங்கிய பங்களா. சமஸ்தானம் போய்ப் பத்து வருஷமாகிறது, இப்போது காசிருந்தால் யாரும் போகலாம். ஞாயிறுதோறும் பதினொரு மணிக்குக் காலைப் பலகாரமும் பகல் சாப்பாடும் ஒன்றாக. பலகாரம் அடுக்கி வைக்க, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே மேஜை. உட்கார்ந்து சாப்பிடச் சின்ன மேஜைகள்.

மானேஜர், வெள்ளைத் தலைப்பாகை: “இங்க எலை போட்டுப் பரிமாற மாட்டோங்க. தட்ட எடுத்துக்கிட்டு வேண்டியத நீங்களே எடுத்துக்கலாம். எத்தன தடவ வேணும்னாலும் வரலாம்.”

தின்றது, மறந்துபோகுமுன்: இடியாப்பம் – ஆட்டுக்கால் பாயா. முட்டை ஆம்லெட், சுடச்சுட. முழுக்கோழி, நெய்யில் சிவந்தது. கட்லெட். வெள்ளைப் பணியாரம். ரொட்டி, வெண்ணெய், அன்னாசி ஜாம். மீன் வறுவலில் முள்ளே இல்லை, எப்படி எடுத்தார்களோ. பிரியாணி ஒரு கரண்டி என்று ஆரம்பித்து மூன்று. ஆப்பிள். கடைசியில் ஒரு புட்டிங், மேலே சர்க்கரைப் பாகு கருகினாற்போல. வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். வெட்கம்தான்.

சிவகாமியைப் பார்த்து ஒன்றரை வருஷம். பட்டும் நகையுமாக இருந்தாள், ஆனால் கன்னம் ஒட்டிவிட்டது. “வாண்ணே” என்றாள். அவள் தட்டை அவர்தான் நிரப்பிக் கொண்டுவந்தார், இரண்டு இட்லியும் கொஞ்சம் தயிர்ச்சோறும். பக்கத்து மேஜையில் பாங்கு ஏஜெண்டும் அவர் சம்சாரமும். அந்த அம்மாள், “ஐஸ்கிரீம் சாப்பிடலையாம்மா?” என்று கேட்டார்.

“அதுக்குத் தொண்டை கட்டிக்கும்” என்றார் முதலாளி.

சிவகாமி தலையை ஆட்டினாள். நான் இரண்டாவது புட்டிங் எடுக்கப் போனேன்.

இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மேலே ஏதோ குளம் உடைப்பெடுத்துவிட்டதாம், தரைப்பாலத்தின் மேல் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். கார் போகாது. அவரவருக்கு ஓர் அறை கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்தது பின்புறம், சாமான் அறைக்குப் பக்கத்தில்.

கார்த்திகை 9, திங்கள்

மழை. ஒரே வேட்டி, அதுவும் காயவில்லை. ஆத்தாவுக்கு நான் வராத கவலை இருக்கும். சொல்லி அனுப்ப வழியில்லை.

கோழியும் பிரியாணியும் தீர்ந்தன. உப்புமா. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

காலை பத்து மணி. முதலாளி சீட்டாட வராந்தாவுக்கு வந்தார். வருமுன் அறைக் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டார். கண்ணால் பார்த்தேன். ‘அவள் உள்ளே இல்லையோ’ என்று நினைத்துப் பின்பக்கம் சுற்றிப் போனேன். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

“என்னம்மா, பூட்டிட்டுப் போறாரு?”

“வீட்டுலயும் அப்படித்தாண்ணே. ஆபீசுக்குக் கெளம்பினா வெளிய பூட்டு. சமையக்கார அம்மா வரும்போது சாவி குடுத்து ஆளனுப்பித் தெறப்பாங்க. அது போனதும் பூட்டிருவாங்க.”

“எம்புட்டு நாளா?”

“ரெண்டு வருசம் இருக்கும்.”

“நீ எழுதுற காயிதத்துல சொகமா இருக்கேன்னுதானம்மா இருக்கு?”

“அவுக சொல்லச் சொல்ல நான் எழுதுறதுண்ணே அது.”

மாதம் ஒரு கடிதம். ஒவ்வொன்றையும் ஆத்தாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறேன். ‘இங்கு யாவரும் நலம், உங்கள் மாப்பிள்ளை என்னைத் தாங்குகிறார்.’ பெண் எழுத்தில் இத்தனை ஒழுங்கா என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

அடிப்பாரா என்று கேட்டேன். “இல்லண்ணே” என்றாள். யோசித்து, “அடிச்சா ஊருக்குத் தெரியும்ல” என்றாள்.

பிறகு மெதுவாக: “அண்ணே, என்னய நம்ம ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரு.”

பார்ப்போம் என்றேன். என்ன வார்த்தை அது.

கார்த்திகை 10, செவ்வாய்

தூறல் மட்டும். தண்ணீர் இடுப்பளவுக்கு வடிந்திருக்கிறதாம்.

காலையிலேயே அவரிடம் பேசுவதென்று முடிவு செய்து போனேன். எதிரில் நின்றதும், “சீட்டுக்கு ஒரு கை கொறையுதுங்களா?” என்று கேட்டுவிட்டேன். உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆடினேன். அவர் பையில் சாவி துருத்திக்கொண்டு தெரிந்தது. நான் தோற்கத் தோற்க அவருக்கு உற்சாகம். “ஆலங்குடிக் கிளைக்கு ஒன்னய மானேஜராப் போடலாம்னு இருக்கேன் மச்சான்” என்றார்.

சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது, இந்த நோட்டிலாவது. ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது.

யோசித்தவை: வேலை போகும். ஆத்தாவுக்குப் புரை விழுந்த கண், ஆபரேஷன் செய்ய வேண்டும். எனக்கு எட்டாவதுக்குமேல் படிப்பில்லை. ஊர் பேசும். வாழாவெட்டி என்பார்கள். இந்த வரனைப் பார்த்து முடித்ததும் நான்தான். “பஸ் முதலாளி, கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கலாம்” என்று ஆத்தாவிடம் சொன்னது நான். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

பகல் சோறு, ரசம், துவையல். ஏஜெண்டின் சம்சாரம் எல்லார் காதிலும் விழும்படி, “அந்தப் பொண்ணு ரெண்டு நாளா ஏன் சாப்பிட வரலை?” என்று கேட்டார். “காய்ச்சல்” என்றார் முதலாளி. என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன்.

பாதியில் எழுந்துவிட்டேன்.

கார்த்திகை 11, புதன்

வெயில். தண்ணீர் முழங்காலளவு. கார் போக மாலையாகும், ஆள் நடந்து போகலாம் என்றார்கள். மாலை அவர் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அப்புறம் எந்த ஜன்னல் வழியாகப் பேசுவது?

முதலாளி டிரைவரோடு பாலம் பார்க்கப் போன நேரம். மானேஜரிடம் போய், “பன்னண்டாம் நம்பர் ரூமுக்கு இன்னொரு சாவி இருக்குங்களா?” என்றேன்.

“ரூம் அவுக பேர்ல இருக்குங்க. நான் தர முடியாது.”

“உள்ள இருக்கிறது எந்தங்கச்சிங்க. மூணு நாளா வெளிய பூட்டிக் கெடக்கு.”

என் முகத்தையே பார்த்தார். பலகையிலிருந்து சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாவியோடு பன்னிரண்டாம் நம்பருக்கு ஓடினேன். திறந்ததும் அவள் வெளியே வரவில்லை. “அவுக எங்க?” என்றாள். பாலத்துக்கு என்றேன். நகைகளைக் கழற்றித் தலையணைமேல் வைத்தாள். தாலியைத் தொட்டுப் பார்த்து அப்படியே விட்டுவிட்டாள்.

வாசலில் அவர் எதிரே வந்துவிட்டார்.

“எங்கிட்டு?”

“சிவகாமி எங்கூட ஊருக்கு வருதுங்க.”

“யாரக் கேட்டு?”

பதில் சொன்னது அவள். “நாந்தாங்க கேட்டேன்.”

ஏஜெண்டும் சம்சாரமும் வராந்தாவில். டிரைவர் படியில். இத்தனை பேர் பார்க்கக் கைநீட்ட அவருக்கு மனமில்லை. சிரித்தார். “போங்க. கறம்பக்குடிக்குப் போற வண்டி அம்புட்டும் எவனுது மச்சான்? எதுல ஏறுவ?”

“நடக்குறோம்” என்றேன். முதலாளி என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை என்றும் சொல்லவில்லை.

தரைப்பாலத்தில் இழுப்பு இன்னும் பலம். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். பட்டெல்லாம் செம்மண் நிறம். நடுப்பாலத்தில் ஒருமுறை வழுக்கினாள், சமாளித்துக்கொண்டாள். அக்கரையில் ஏறியதும் அழுவாள் என்று நினைத்தேன். “பசிக்குதுண்ணே” என்றாள்.

ரோட்டோரக் கடையில் நாலு ஆப்பம், கடலைச் சட்னி. என் பங்கையும் அவளே தின்றாள். ஆலங்குடி வரை நடை. அதற்கப்புறம் வாழைத்தார் ஏற்றிய மாட்டு வண்டி.

கார்த்திகை 13, வெள்ளி

மப்பு. மழையில்லை. கால் கொப்புளம் உடைந்துவிட்டது.

காலையில் கம்பெனி ஆள் வந்து என்னிடமிருந்த ஆபீஸ் டிக்கெட் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். ஏழு வருஷம் பழகியவர், முகத்தைப் பார்க்காமல் வாங்கினார்.

ஆத்தா முதல் நாள் அழுதாள். நேற்று சிவகாமிக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள். இன்று அடுப்படியில் என்னைக் கூப்பிட்டு, “என்னக்கிப்பா திரும்பக் கொண்டுபோயி விடுவ?” என்கிறாள். கூடத்தில் இருந்தவள் காதில் விழுந்திருக்கும். புளி உரிப்பதை அவள் நிறுத்தவில்லை.

தெருவில் யார் வந்தாலும் முதல் கேள்வி அதுதான். கடைக்குப் போனால் அது, குளத்துக்குப் போனால் அது. இன்று பகலெல்லாம் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்துப் பெரியவர்கள் ஐந்து பேர் பேச வருகிறார்களாம். எனக்கு வேலை திரும்பக் கிடைக்குமாம், ஆலங்குடி மானேஜர் பதவியே தருவாராம். நயமாகப் பேசுவார்கள். ஆத்தா அழுவாள். எதிரில் நின்றதும் நான் என்ன ஆவேன் என்பது எனக்குத் தெரியும்.

அதனால் இன்றே எழுதிவிடுகிறேன். அவளை அனுப்ப மாட்டேன். ஞாயிறு காலை அவர்கள் வருவதற்கு முன் இந்தப் பக்கத்தை அவளிடம் கொடுத்து, ஆத்தா காதிலும் விழும்படி சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டும்.