யாராலும் அழிக்க முடியாத பாட்டு

நிலா, தென்துருவச் சுரங்கக் குடியிருப்பு. எழுதுபவர்: செங்கமலம், மூச்சுக்காற்று தயாரிக்கும் ஆலையின் மெக்கானிக்.

மார்ச் 3, காலை

காற்றழுத்தம் சரி. பாட்டு வலை சரி.

இதைக் கண்டெடுப்பவருக்கு: எங்கள் பாடகர்களின் பதிவுகள் எந்தக் கம்பெனியின் கையிலும் இல்லை. துண்டு துண்டாகப் பிரிந்து எங்கள் அறைக் கணினிகளில் இருக்கின்றன. ஒரு கணினி நின்றால் மற்றவை அந்தத் துண்டைத் தாமே நகலெடுத்துக்கொள்ளும். இந்த வலையைக் கட்டியவர்களில் நானும் ஒருத்தி.

இன்று ஞானசௌந்தரியின் புதுப் பாட்டு வந்தது. துளைப்பொறி ஓட்டுபவள், என் சிநேகிதி. சுரங்கம் இடிந்து செத்தவர்களின் பெயர்களைப் பாடியிருக்கிறாள். யாரும் சாகவில்லை என்கிறது நிர்வாகம்.

மார்ச் 5, மாலை

காவலர்கள் அறை அறையாகப் புகுந்து கையில் கிடைத்த கணினிகளை உடைத்தார்கள். மிச்சமிருந்தவற்றில் பாட்டு அப்படியே இருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் சிரித்தோம்.

மார்ச் 9, பிற்பகல்

சௌந்தரியின் அழைப்பு. அப்படியே எழுதுகிறேன்.

"கமலம், அந்தப் பாட்ட எடுத்துருடி. எம் பொண்ணக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பாட்டு போனாதான் விடுவாங்களாம்."

"எடுக்க முடியாது சௌந்தரி. யாராலயும் முடியாதபடிதான் செஞ்சோம்."

"பாடுனவ நான். நானே சொல்றேன்டி."

அதற்கு வழி வைக்கவில்லை. எதிரியை நினைத்துத்தான் கட்டினோம். பாடியவளே வந்து அழுவாள் என்று நினைக்கவில்லை.

மார்ச் 10, மாலை

என் கணினியைத் துடைத்தேன். சற்று நேரத்தில் வேறோர் அறையில் அந்தத் துண்டு முளைத்தது. அறை அறையாகப் போய்க் கெஞ்சினேன். எல்லோரும் அழித்தார்கள். துளைப்பொறியாள் வேலாயுதம் மட்டும் கதவை மறித்து நின்றான். "அக்கா, எந்தம்பி பேரு வேற எங்கயுமே இல்ல. அதுல மட்டுந்தான் இருக்கு."

அவனை விட்டுத் திரும்பி நடந்தேன். மற்றவர்கள் அழிக்க அழிக்க எல்லாத் துண்டுகளும் அவன் கணினியில் சேர்ந்திருந்தன; அங்கிருந்து பாட்டு எல்லா அறைகளுக்கும் திரும்பிவிட்டது.

மார்ச் 12

நிர்வாகத்தின் ஒலிபெருக்கி: "குழந்தை தவறுதலாகக் காற்றில்லாத பகுதிக்குள் நுழைந்துவிட்டது. விபத்து. வருந்துகிறோம்."

சௌந்தரியின் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. தட்டிக்கொண்டே

போதும். எழுத முடியவில்லை.

மார்ச் 13

வலையில் புதிய பதிவு. சௌந்தரியின் குரல். இசை இல்லை.

"பெனிட்டா. எம் பொண்ணு. எட்டு வயசு. அவங்கதான் கொன்னாங்க."

பிறகு மூச்சுச் சத்தம் மட்டும்.

என் கணினியை மறுபடி வலையில் சேர்த்தேன். ஆலையின் ஆன்டெனாவைப் பூமிப் பக்கம் திருப்பி அவள் பதிவை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். காவலர்கள் ஆலைக் கதவை வெளியிலிருந்து அறுக்கிறார்கள். பதிவில் பாதி போய்விட்டது. அங்கே யாராவது ஒருவர் வாங்கிக்கொண்டால் போதும், அதன்பிறகு இவர்களால்