எட்டு மில்லி மரை

இன்று காலை பட்டறைக்கு வெள்ளையடிக்க வந்தவர் லேத்துக்கு மேலே சுவரைக் காட்டி, "அண்ணாச்சி, இந்தக் கணக்க அழிச்சிரவா?" என்று கேட்டார். உன் எழுத்து, சகலை. புள்ளி இரண்டு, இழுவிசை, விட்டம். மூன்றையும் பெருக்கினால் போல்ட்டை எவ்வளவு முறுக்கலாம் என்று தெரியும். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொன்னேன்.

அக்காளையும் தங்கையையும் கட்டிய நாம் இருவரும் பாளையம்பட்டியில் பட்டறை போட்டபோது, கைப்பதம் இருக்கக் கணக்கு எதற்கு என்று சிரித்தவன் நான். "கைக்குக் காலையில ஒரு பலம், சாயங்காலம் ஒரு பலம்ணே" என்றாய்.

ஆறு வருடத்துக்கு முந்தைய கோடையில் திருச்சுழிப் பக்கமிருந்து, டிராக்டர் இழுக்கும் தண்ணீர் டேங்கர் ஒன்று வந்தது. இழுவைக் கொக்கியின் போல்ட்டுகள் தேய்ந்திருந்தன. நீளப் போல்ட் வாங்க நீ விருதுநகர் போயிருந்தாய். "ஊருல மூணு நாளா தண்ணியில்லண்ணே" என்று டிரைவர் அவசரப்படுத்தினார். கையிலிருந்த குட்டைப் போல்ட்டுகளையே கொக்கியின் மரைத்துளைகளில் மாட்டி அனுப்பிவிட்டேன்.

நீ வந்ததும் கேட்டாய்: "எத்தன மில்லி உள்ள ஏறுச்சு?"

"எட்டு. முறுக்கு சரியாயிருச்சுன்னு டார்க் ஸ்பேனர் டக்குன்னுச்சே."

"அது முறுக்கத்தான் சொல்லும். எம்புட்டு மரை கவ்வியிருக்குன்னு சொல்லாதுண்ணே. பதினாறு மில்லி போல்ட்டு, பதினாறு மில்லியாவது உள்ள ஏறணும். போல்ட்டு அறுந்தா சத்தம் கேக்கும். மரை உரிஞ்சா சொல்லாமப் போயிரும்."

டிரைவர் போனை எடுக்கவில்லை. என் வண்டியிலேயே விரட்டிக்கொண்டு போனோம். பள்ளிக்கூடச் சரிவில் டேங்கர் நின்றது. பின்னால் குடங்களோடு பெண்கள்; டிரைவர் அவர்களுக்குத் தண்ணீர் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். நீ முதலில் சக்கரத்துக்குக் கல் வைத்தாய். பிறகு ஒரு போல்ட்டைக் கழற்றினாய். கொக்கியின் மரை நூல் நூலாக உரிந்து அதோடு வந்தது.

"யாருய்யா மாட்டுனது?" என்றார் அங்கே வந்திருந்த டேங்கர்காரர், டிரைவரின் முதலாளி.

நான் வாய் திறப்பதற்குள், "நாந்தான். அவசரத்துல பாக்காம விட்டுட்டேன்" என்றாய். அத்தனை பேர் முன்னாலும் அவர் உன்னை ஏசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கொக்கியைக் கொண்டுவந்து, துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டினோம். அதைப் பற்றி நீ மறுபடி பேசவேயில்லை.

போன மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டாய். காரியம் முடிந்த மறுநாள் உன் வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் அத்தான். அன்னைக்கே சொன்னாக. 'அண்ணே ரொம்ப ஒடைஞ்சு போயிருக்காக, யாரும் கேட்றாதீக'ன்னாக. அக்காவுக்கும் தெரியும்."

ஆறு வருடம் இரண்டு வீட்டிலும் சோறு தின்றிருக்கிறேன். ஒருவரும் முகத்தில்கூடக் காட்டவில்லை.

போன வாரம் திருச்சுழி போய் அந்த டேங்கர்காரரைப் பார்த்தேன். அன்று மாட்டியது நான்தான், உன்மேல் தப்பில்லை என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அம்புட்டு ஏசுனேன், ஒரு வார்த்த திருப்பிப் பேசலயே மனுசன். இப்ப நல்லாருக்காகளா?"

அந்தக் கேள்வியோடுதான் திரும்பி வந்தேன், சகலை.