அம்மா எழுதித் தந்தது

கொழிஞ்சாம்பாறை
8 ஜூன் 2025

அன்பு மகள் அனுப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது.

அப்பா, அண்ணன், நான், மாடுகள் மூன்று, எல்லோரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போன் போட்டால் எடுப்பதில்லை. ‘எதானாலும் எழுதி அனுப்புங்க’ என்று ஒரு மெசேஜ் மட்டும் வருகிறது. எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் பேனா பிடிப்பது பால் சொசைட்டியில் கையெழுத்துப் போட மட்டும்தான். பிழை இருந்தால், நீ டீச்சர்தானே, திருத்திக்கொள்.

நல்ல சேதி. ஆனந்தகுமாருக்குப் பெண் அமைந்துவிட்டது. பெயர் சித்ரா, பொள்ளாச்சிப் பக்கம், பி.காம். படித்த பெண். தென்னந்தோப்பு உள்ள குடும்பம், கௌரவமான மனிதர்கள். ஆவணி பன்னிரண்டு, ஆகஸ்ட் 28, வியாழக்கிழமை முகூர்த்தம். இணைச்சீருக்குக் கூடப்பிறந்தவள் நீதான் நிற்கவேண்டும். அண்ணன் பக்கத்தில் அத்தனை சனமும் பார்க்க நிற்கும் சீர் அது. பத்து நாள் முன்னாலேயே லீவு போட்டு வந்துவிடு.

உன் ரவிக்கை விஷயமாகத் தையல்காரியிடம் பேசிவிட்டேன். இடது பக்கம் உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்துத் தைத்தால் தோள் ஏறி இறங்கியிருப்பது தெரியாது. முந்தானையைப் போர்த்திக்கொண்டால் ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றாது. பெண் வீட்டாரிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

ஆபரேஷன் பேச்சை மட்டும் கல்யாணம் முடியும் வரை எடுக்காதே கண்ணு. இத்தனை வருஷம் இருந்தாய், இன்னும் மூன்று மாதத்தில் என்ன ஆகிவிடப்போகிறது. அந்த மலைக்குளிரில் சுடுதண்ணீரிலேயே குளி. உன் அப்பா நீ வந்தால்தான் புதுப்பாயை விரிப்பேன் என்கிறார்.

பாசமுள்ள அம்மா,
பழனாத்தாள்

*

வண்டன்மேடு
15 ஜூன் 2025

அம்மாவுக்கு,

அண்ணனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

ஏன் எழுதச் சொன்னேன் என்று சொல்கிறேன். போனில் நீங்கள் ஒன்றைச் சொல்வீர்கள். மறுநாள் கேட்டால், “நா எப்பக் கண்ணு அப்படிச் சொன்னேன்” என்பீர்கள். காகிதத்தில் அது நடக்காது.

போன மாதம் எறணாகுளத்தில் டாக்டரைப் பார்த்தேன். என் முதுகெலும்பின் வளைவு இப்போது ஐம்பத்துநான்கு டிகிரி. பன்னிரண்டு வயதில் இருபத்தேழு. சரியாக இரண்டு மடங்கு. “அப்ப பிரேஸ் போட்டீங்களா” என்று கேட்டார். நீங்கள் பழக்கிவிட்ட பதில் வாயில் தயாராக இருந்தது: “போட்டேன், தினமும் இருபது மணி நேரம்.” அவர் பழைய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். “அத்தனை நேரம் போட்டும் இப்படி ஆச்சா” என்று அவருக்கே ஆச்சரியம். அப்போதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். இருபத்தைந்து வயதில், பல்லைக் கடித்துக்கொண்டு.

மார்பிலிருந்து இடுப்பு வரை இறுக்கிப் பிடிக்கும் அந்தப் பிளாஸ்டிக் சட்டைக்கு நம் வீட்டில் ‘ஓடு’ என்று பெயர். அது பருத்திக்கொட்டை மூட்டைக்குப் பின்னால் இருந்தது. வெளிக்கதவு தாழ் போட்ட பிறகு எடுப்பீர்கள், பால் கறக்க ஆள் வருமுன் கழற்றுவீர்கள். நான் வயதுக்கு வந்து சீர் செய்தபோது சொந்தக்காரர்கள் வீட்டில் தங்கினார்கள் என்று பதினோரு நாள் அதை எடுக்கவேயில்லை. பிறகு, சீர் ஆன பெண்ணை எல்லோரும் பார்ப்பார்கள் என்று வருஷம் முழுக்க அதே கதை. வளர்கிற எலும்புக்கு அந்தக் காலம்தான் முக்கியம் என்று டாக்டர் சொன்னார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு செக்கப்பிலும் தாளில் ‘இருபது மணி நேரம்’ என்று சொல்லி எழுதவைத்தது நீங்கள். பக்கத்தில் தலையாட்டியது நான்.

இணைச்சீருக்கு வருகிறேன். ஒரே நிபந்தனை. அந்த ஓட்டை என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்று உங்கள் கையால் எழுதித் தாருங்கள். எழுதாவிட்டால் வேறு தங்கச்சியைத் தேடிக்கொள்ளுங்கள்.

அனுப்பிரியா

*

கொழிஞ்சாம்பாறை
27 ஜூன் 2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அப்பாவிடம் காட்டவில்லை. காட்டினால் சோற்றில் கை வைக்கமாட்டார்.

பெற்றவளிடம் எழுதி வாங்குவது எந்த ஊர் வழக்கம்? கேஸ் போடப் போகிறாயா? அந்த ஓட்டை நீயும்தான் வேண்டாம் என்றாய். சித்திரை வெயிலில் கக்கத்தில் புண்ணாகி, “கழட்டுங்கம்மா, கழட்டுங்கம்மா” என்று அழுதது நீதானே. எந்தத் தாய் பார்த்துக்கொண்டிருப்பாள்? எண்ணெய் போட்டு நீவினேன், பழனிக்கு முடி இறக்கினேன், அதெல்லாம் உன் கணக்கில் வராது. கோயமுத்தூர் டாக்டரும் ‘சிலருக்கு அப்படித்தான் ஆகும்’ என்று சொன்னார், உனக்கு மறந்துவிட்டது.

பெண்பிள்ளைக்கு ஒரு குறை என்று ஊரில் ஒரு வாய் திறந்தால் போதும், அப்புறம் அதை மூட உலைமூடி கிடையாது. உனக்காகத்தான் செய்தேன். உனக்கு இன்னும் ஒரு இடம் அமையவேண்டாமா?

பங்காளி வீட்டில் அண்ணனுக்குத் தங்கச்சி முறையாகும் பெண் ஒருத்தி இருக்கிறாள். நீ வராவிட்டால் அவளை நிறுத்தலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்குத்தான் மனது வரவில்லை. நீயே யோசித்துக்கொள்.

இங்கே மழை பிடித்துவிட்டது. குடை வைத்துக்கொள்.

அம்மா

*

வண்டன்மேடு
6 ஜூலை 2025

அம்மாவுக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நீங்கள் அதைப் பரிமாறவும் செய்கிறீர்கள்.

ஆமாம், நான் அழுதேன். பன்னிரண்டு வயதில் அழாமல் என்ன செய்வது? பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் ஊசிக்கு அழுகிறார்கள். அழுகிறார்கள் என்று ஊசியை நாங்கள் மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைப்பதில்லை. புண் ஆனால் ஓட்டை இழைத்துத் தருகிறோம், கூட்டி வாருங்கள் என்று கோயமுத்தூரில் சொன்னார்கள். நீங்கள் கூட்டிப் போகவில்லை.

ஆபரேஷன் வேண்டுமா என்று நான் ஒரு மாதம் யோசித்தேன். முதுகு நெடுக வெட்டி, இரண்டு கம்பி வைத்து, திருகாணிகளால் முறுக்குவார்கள். அந்த இடத்தில் இனி வளையவே வளையாது. கால் விளங்காமல் போகும் ஆபத்து மிகக் கொஞ்சம், ஆனால் உண்டு என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். எனக்குப் பயம். செய்யாவிட்டால் வருஷத்துக்கு ஒரு டிகிரி போல இன்னும் சாயும் என்றும் சொன்னார். இப்போதே இரண்டாவது பீரியடில் வலி தொடங்கிவிடுகிறது, நாலாவது பீரியடை மேஜையைப் பிடித்துக்கொண்டு நடத்துகிறேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஸ்கூல் மேடு ஏறும்போது மூன்று இடத்தில் நிற்கிறேன். நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரி ராமலட்சுமி, ஏலத்தோட்டத்தில் வேலை பார்ப்பவள், ஒருநாள் என் முதுகில் தைலம் தேய்த்துவிட்டுச் சொன்னாள்: “ஏம் தாயி, இம்புட்டு வலிய வச்சுக்கிட்டு யாருக்காக நேரா நிக்க?” அன்றைக்கு முடிவு செய்தேன். செய்துகொள்கிறேன்.

டாக்டர் இரண்டு தேதி கொடுத்திருக்கிறார். ஆகஸ்ட் 28, செப்டம்பர் 18. முதல் தேதி எது என்று உங்களுக்குத் தெரியும். நான் அதைத்தான் எடுத்திருக்கிறேன். வேண்டுமென்றே எடுத்தேன். “தங்கச்சி எங்கே” என்று பெண் வீட்டார் கேட்பார்கள். பந்தலில் நின்றுகொண்டு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

ஜூலை கடைசி வரை தேதியை மாற்றலாம். நான் கேட்டது கையில் கிடைத்தால் மாற்றுகிறேன், இணைச்சீருக்கு வருகிறேன். கிடைக்காவிட்டால் இல்லை.

அனுப்பிரியா

*

கொழிஞ்சாம்பாறை
20 ஜூலை 2025

அனுப்பிரியாவுக்கு,

எழுதுகிறேன். நீ ஜெயித்தாய்.

ஓட்டை நான்தான் ஒளித்தேன். பகலில் ஒருநாளும் போடவிடவில்லை. டாக்டரிடம் பொய் சொன்னேன், உன்னையும் சொல்லவைத்தேன். புண்ணுக்காக அல்ல. புண் இல்லாவிட்டாலும் ஒளித்திருப்பேன்.

ஏன் என்று கேட்டாய். உன் அப்பாவைத் தவிர உயிரோடு இருக்கும் யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். என் முதுகும் கோணல்தான். உன் அளவுக்கு இல்லை, ஆனால் கோணல். என் அம்மா அதை மறைத்துத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தாள். கல்யாணமான மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்தபோது என் மாமியார் பார்த்துவிட்டாள். “கோணக்கொம்பு மாட்ட நம்ம தலையில கட்டிட்டாங்க” என்றாள். அவள் சாகும் வரை நான் கோணக்கொம்புதான். உன் அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவளை ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

அதற்குப் பிறகு நான் வாய்க்காலில் பெண்களோடு குளித்ததில்லை. யாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்ததில்லை. ஆனந்தகுமாருக்குக்கூடத் தெரியாது. உன் முதுகைப் பார்த்தபோது எனக்கு வியாதி கண்ணில் படவில்லை. மாமியாரின் வாய்தான் காதில் விழுந்தது. அந்த ஓட்டை மாட்டினால் ஊருக்கே பறை அடித்தது போல என்று நினைத்தேன். மறைத்தால் பிழைத்துக்கொள்வாய் என்று நினைத்தேன்.

தப்பு. பெரிய தப்பு.

படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. வார்த்தையைக் காப்பாற்று கண்ணு. வந்து அண்ணன் பக்கத்தில் நில்.

அம்மா

*

வண்டன்மேடு
29 ஜூலை 2025

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. முதல் தடவை படித்தபோது ராமலட்சுமி மடியில் விழுந்து அழுதேன். உங்களுக்காகத்தான் அழுதேன்.

இரண்டாவது தடவை படித்தபோது கண்ணீர் நின்றுவிட்டது. அம்மா, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அறியாத பட்டிக்காட்டுத் தாய், பயந்துவிட்டாள் என்று இத்தனை வருஷம் உங்களுக்காக நானே என்னிடம் வக்காலத்து வாங்கியிருக்கிறேன். அந்த முதுகோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் எனக்கும் முன்னாலேயே தெரிந்திருந்த ஒரே ஆள் நீங்கள். உங்கள் காலத்தில் ஓடு கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது, அளவெடுத்து, என் பெயர் எழுதி. அதை மாட்டுத்தீவனத்துக்குப் பின்னால் போட்டீர்கள். இதை நான் மன்னிக்கமாட்டேன். வயதானால் மனம் மாறும் என்று காத்திருக்காதீர்கள்.

வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன். ஆபரேஷன் செப்டம்பர் 18-க்கு மாறிவிட்டது. ஆஸ்பத்திரியில் கூட இருக்கும் பைஸ்டாண்டர் பெயராக ராமலட்சுமியைக் கொடுத்திருக்கிறேன், நீங்கள் வரவேண்டாம். இணைச்சீருக்கு வருவேன். ரவிக்கையை இங்கேயே தைத்துவிட்டேன். பஞ்சு கிடையாது. என் முதுகு எப்படியோ அப்படியே தைக்கச் சொன்னேன்.

எழுதித் தந்தால் வருகிறேன் என்றுதான் சொன்னேன். எரிப்பேன் என்று சொல்லவில்லை. உங்கள் கடிதத்தையும் என் எக்ஸ்ரேயையும் நகல் எடுத்துச் சித்ராவுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். இது சில குடும்பங்களில் தலைமுறையாக வரும் என்று டாக்டர் சொன்னார். அவளுக்குப் பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றி அவளுக்குத் தெரியவேண்டும், கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரியவேண்டும். அதுதான் முழுக் காரணம் என்று பொய் சொல்லமாட்டேன். உங்களுக்கு வலிக்கவேண்டும் என்பதும் காரணம்.

பயப்படாதீர்கள், கல்யாணம் நிற்கவில்லை. நேற்று அவள் எனக்குப் போன் செய்தாள். அழுதிருக்கிறாள். “உங்க அண்ணனுக்கே தெரியாதுன்னா அவரு மேல நா எப்படிங்க கோவிக்கறது” என்றாள். அண்ணனிடமும் பேசிவிட்டாள். குழந்தை பிறந்தால் வருஷா வருஷம் சட்டையைக் கழற்றிக் குனியச் சொல்லிப் பார்ப்பேன், ஓடு தந்தால் நடுத்தெருவில் போட்டு நடத்துவேன் என்றாள். பிறகு உங்களைப் பற்றிப் பேசினாள். “பாவமுங்க அத்தை. இத்தன வருசம் எப்படித் தனியாத் தாங்குனாங்களோ. அவங்கள நா நல்லாப் பாத்துக்கறனுங்க.”

அந்த இரக்கம் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. உங்களுக்குக் கிடைக்கவேண்டியது அது இல்லை என்று நினைத்தேன். இரவெல்லாம் யோசித்தபின் புரிந்தது. ஆவணி பதின்மூன்றிலிருந்து நம் வீட்டில் ஒருத்தி இருப்பாள். நீங்கள் குடத்தைத் தூக்கப்போகும் ஒவ்வொரு தடவையும், விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போதும், பால்காரர் நிற்கும்போதும், வாய் நிறையச் சொல்வாள்: “குனியாதீங்கத்தை, உங்க முதுகுக்கு ஆகாது. நா எடுக்கறனுங்க.”

அவளை நீங்கள் ஒன்றும் சொல்லமுடியாது. அவள் அன்பாகத்தான் சொல்வாள்.

அனுப்பிரியா