பூண்டு மணக்கும் கருங்கல்லைக் குறித்துக் கீழைமலைக்கு விடுத்த ஓலை

“மூக்கைக் கழட்டி எங்க வச்சீங்க மாமா?”

“நீ கல்லைப் பாரு பெண்ணே. என் மூக்கைப் பார்க்காதே.”

சென்ற மாதம் என் வீட்டுச் சுவரைத் தாண்டி வந்த இந்தக் கூச்சலே இவ்வோலைக்குக் காரணமாகையால், அதை முன்னும் வாழ்த்தைப் பின்னும் வைத்தேன்; பொறுத்தருள்க.

ஏழு மலையின் செம்பும் தம் வாசலில் குவியக் கண்ட செம்பரை நாட்டுப் பெருமாள் விறற்கோமகனார் திருவாணையால், மேலைமலை அதிகாரி நக்கன் அரிஞ்சி, கீழைமலை உலைகளைக் காத்தருளும் தண்டலைக்கோன் மாராயர் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் மலையில் மழை தவறாதிருக்க. தங்கள் உலைகள் அவியாதிருக்க. இந்தக் கடைசி வாழ்த்தை மட்டும் சற்றுக் கீழே திருப்பி எடுத்துக்கொள்வேன்.

கத்தியவள் கல்நோட்டம் பார்க்கும் எயினி. வாங்கிக்கட்டிக்கொண்டவர் உலைமூத்தார் வீரணுக்கர். அவர் மகன் சேந்தன் துருத்தி மிதிப்பவன். அவனுக்கே எயினியை நிச்சயம் செய்திருந்தார்கள். இரு வீட்டுக்கும் நடுவே குடியிருப்பவன் ஆகையால், கேட்கவேண்டாதவற்றையும் கேட்கும் பேறு எனக்கு வாய்த்தது.

புதிய உலை திறந்து அன்று முப்பதாம் நாள். துருத்தி மிதித்த எழுவருக்கும் பாதத்தில் உணர்வில்லை. சேந்தன் தணலை மிதித்து, பக்கத்தில் நின்றவர் சொன்னபிறகே காலைத் தூக்கினான். எயினி பார்த்தாள், நானும் பார்த்தேன். அவள் அழவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கால் கருகுவது ஒரு செய்தியைப் போல் இருந்தது.

உலையை அவிக்கச் சொன்னாள் அவள். மூத்தாரோ, உப்பிட்டுத் தீயில் காட்டியபோது சுடர் பச்சையாய் எழுந்தது, பச்சை எழுந்தால் செம்பு உண்டு, கல்லில் பழுதில்லை என்றார். செம்பு உண்டு, மெய்தான். கூடவே பாஷாணமும் உண்டு; அதன் புகையே கால்களை மரக்கச் செய்தது.

தங்கள் மலையிலும் இக்கல் அகப்பட்டு, உலைக்கு நாள் குறித்ததாகக் கேள்வி. ஆகையால் அடையாளம் எழுதுகிறேன். நல்ல கல் ஈயக்கருப்பு, கத்திக்கு வழிவிடும். கெட்ட கல்லும் கருப்பே. ஓட்டில் உரைத்தால் இரண்டும் கருங்கோடே இடும். ஆனால் கெட்டது சிறு தூண்தூணாய் விளையும், தூணின் நெடுக நூலிழுத்தாற்போல் வரி ஓடும். முழுமையாய் விளைந்த தூண் செங்கல்லைப்போல நீளம், அகலம், கனம் மூன்றும் வேறாய், மூலை மட்டும் நேராய் இருக்கும். கத்தியால் வெட்டினால் வழிவிடாது, உதிரும். சுட்டால் வெண்புகை விட்டுப் பூண்டு மணக்கும்.

எயினியைத் தவிர எங்களில் ஒருவருக்கும் அந்த மணம் தனியே தெரியவில்லை. உலை திறந்த நாள்தொட்டு ஒரு மண்டலம் உலைவாயில் பூண்டு சுட்டுத் துருத்திக்காரருக்குக் கொடுப்பது நம் இரு மலைக்கும் வழக்கமாயிற்றே. நானும் வம்பு கேட்கப் போய், தினம் இரண்டு பல் தின்றுவந்தேன்.

எயினி என் முற்றத்தில் புதுச்சட்டி வைத்து, தணலிட்டு, அந்தக் கல்லில் ஒரு துண்டு போட்டாள். மூத்தார் முகர்ந்தார்.

“யாரு பூண்டு சுடறது?” என்றார்.

“யாரும் சுடலை மாமா.”

அவர் எழுந்துபோய்த் தம் கையாலேயே உலைவாயை மண்ணிட்டு அடைத்தார்.

ஆகையால் பெருமாள் திருவாணை: வரியோடும் இக்கல் எவ்வுலையிலும் ஏறலாகாது, ஏறிய உலை அன்றே அவிக்கப்படும், உலைவாயில் இனி எவரும் பூண்டு சுடலாகாது, வேண்டுவோர் வீட்டில் சுட்டுத் தின்க. இவ்வோலை கண்ட பொழுதே இவ்வாறு செய்க. இது மேலைமலை இலச்சினை.

இலச்சினைக்குக் கீழே ஏட்டில் இடம் கிடந்தபடியால் இன்னும் சில வரி. சென்ற வளர்பிறையில், குறித்த நாளிலேயே எயினி சேந்தனை மணந்தாள். தாலியை எடுத்துக்கொடுத்த மூத்தார் மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் இருவரும் உப்பளக்கரைக்குக் குடிபோனார்கள். நடுப்பகலில் என் வாசல் வழியேதான் போனார்கள். அவள் வெறுங்காலோடு முன்னே நடந்து, தரை சுடுகிற இடமெல்லாம் நின்று கையைக் காட்டினாள். அவன் அந்த இடங்களைச் சுற்றிக்கொண்டு பின்னே போனான்.