பழைய கையெழுத்தைப் பார்க்காதவர்

ஜூன் 3

முன்பின் தெரியாத டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். கோழி கிளறிய மாதிரி இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். இதுதான் என் புதுக் கையெழுத்து. நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களுக்குப் பெயர் எழுதுகிறவன் நான். ஓர் ஆற்றின் பெயரை அதன் வளைவோடு எழுதிக்கொண்டிருந்தபோது விரல்கள் பேனாவை இறுக்கிப் பூட்டிக்கொண்டன. ஊசியில் நூல் கோக்கிறேன், பொத்தான் போடுகிறேன். பேனாவை எடுத்தால் மட்டும் கை என் பேச்சைக் கேட்பதில்லை.

கைக்குச் சிகிச்சை தரும் பயிற்சி அம்மா சொன்னார்: "உங்க பழைய கையெழுத்தைப் பார்த்தவங்களுக்கு எழுதினா, அழகா எழுதணும்னு கை இறுகும். பார்க்காதவங்களுக்கு எழுதுங்க. ஒருத்தர் கை தேறிட்டா ஜோடியை மாத்திடுவேன். நல்ல எழுத்தைப் பார்த்தா மத்தவர் கை மறுபடி பூட்டிக்கும்." என்னைப் போலவே கை பூட்டிக்கொண்ட உங்கள் முகவரி அப்படித்தான் கிடைத்தது.

இப்படிக்கு,
வரைபடக்காரர்

ஜூன் 15

அன்புள்ள வரைபடக்காரருக்கு,

கோழியாவது இரை தேடிக் கிளறும். நான் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு 'அ' போட்டுக் காட்டுகிறவள். போன வாரம் ஒரு வாண்டு நோட்டைப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்க 'அ' கீழ விழுந்துடுச்சு" என்றது. சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

காலையில் தட்டில் தண்ணீர் ஊற்றி விரலால் எழுதுகிறேன். எழுத எழுதக் கரைந்துவிடுகிறது. அதில் தப்பும் இல்லை, அழகும் இல்லை. தம்பி மனைவி எட்டிப் பார்த்து, "அண்ணி, தண்ணியில என்ன எழுதுறீங்க?" என்றாள். "தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்றேன்.

கோணல் எழுத்தைப் படிப்பதுதான் என் பிழைப்பு. தயங்காமல் எழுதுங்கள்.

டீச்சர்

ஜூலை 20

அன்புள்ள டீச்சருக்கு,

நேற்று ஒரு கனவு. நான் எழுதிய பெயர்களெல்லாம் வரைபடத்திலிருந்து நழுவி ஆற்றில் இறங்கி மிதந்து போகின்றன. கரையில் நின்று பார்க்கிறேன், பிடிக்கத் தோன்றவில்லை. விழித்தபோது கை மல்லாந்து திறந்து கிடந்தது, வலியே இல்லை.

கண்ணை மூடிச் சுவரில் ஈரத் துணியால் பெரிய வட்டங்கள் போடுகிறேன். மகள், "அப்பா, வெள்ளையடிக்க எவ்வளவு கூலி?" என்கிறாள். அவள் அம்மா போன பிறகு இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தபால்காரர் வந்தால் அவளே ஓடி, உறையைக் கிழித்துக் கடிதத்தைக் கொண்டுவந்து தருகிறாள்.

உங்கள் கை தேற வேண்டும் என்று வேண்டிக்கொள்ளப் போனால் பாதியில் வாய் நின்றுவிடுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வரைபடக்காரர்

ஆகஸ்ட் 9

அன்புள்ள வரைபடக்காரருக்கு,

எனக்கென்ன கோபம்? என் கை அப்படியேதான் இருக்கிறது. பாருங்கள், வரிகள் எப்படி மேலும் கீழும் ஆடுகின்றன!

மதியம் குழந்தைகள் மேசையில் தலை சாய்த்துத் தூங்கும்போது, கரும்பலகையில் வெயில் விழ, நான் துடைத்த எழுத்துகளெல்லாம் மங்கலாகத் தெரியும். அந்த நேரத்தில் உங்களோடு பேசிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். எதைப் பற்றி என்று கேட்டால் தெரியாது.

டீச்சர்

ஆகஸ்ட் 17

அன்புள்ள டீச்சருக்கு,

இந்த முறை மகள் வீட்டில் இல்லை. உறை என் கைக்கே வந்தது. அதன் மேல் என் முகவரி முத்து முத்தாக இருந்தது. தபால்காரர் தடுமாறக் கூடாது என்று நினைத்தீர்கள் போலிருக்கிறது. உள்ளே இருந்தது வேண்டுமென்றே போட்ட கோணல். ஏன் என்று புரியாத அளவுக்கு நான் மண்டு இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் கை பூட்டிக்கொண்டது. இந்தப் பக்கத்தை விட்டு விட்டுத்தான் முடித்தேன். தேறிய கையைக் கட்டிப்போட எனக்கு உரிமையில்லை. பயிற்சி அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இனி எழுத வேண்டாம்.

வரைபடக்காரர்

ஆகஸ்ட் 22

அன்புள்ள கண்ணு,

உன் அப்பாவின் பயிற்சி ஜோடி எழுதுகிறேன். இந்த எழுத்தை அப்பா கண்ணில் காட்டாதே. நீயே படித்துச் சொல்.

ஆமாம், கை தேறி நாளாகிவிட்டது. ஜோடியை மாற்றிவிடுவார்களே என்று பயந்தேன். நேற்று பயிற்சி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இனி அவருக்கு நீங்க எழுதக் கூடாது" என்றார். சரி என்று தலையாட்டினேன். பேசக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அப்பா பதில் எழுத வேண்டாம். கதவைத் திறந்தால் போதும்.

அன்புடன்,
டீச்சர்