வலது பக்கக் குழாய்

செப். 8, திங்கள்

கச்சான் காற்று. பளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றதில் தலைச்சாயத்துக்கு மேலே இன்னொரு பூச்சு, புழுதி. ஐம்பத்தொரு வயசுக்கு இதுதான் பொருத்தமான நிறம்.

கந்தோரில் முதலாளி எனக்கு முன்னமே வந்து நிற்கிறார். அதாவது தங்கச்சியின் புருசன் தயாபரன். இனி த. போதும். முழுப் பேரெழுத மை வீண்.

வேலை: வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றின் காருக்கு முன்பக்கம் இரண்டு காபன் நார்க் குழாய். இடித்தால் இரும்பு மாதிரி மடங்காது. மூக்கிலிருந்து பப்படம் போல நொறுங்கி நொறுங்கி இடியை வாங்கவேணும். காரை உடைக்க மனமில்லாதவர்களுக்கு நாங்கள் கணினிக்குள் உடைத்துக் காட்டுகிறோம். நேர் மோதல் முடிந்தது. அவர்கள் நிஜக் குழாயை நசுக்கி, தாங்கின விசையை வரைந்து அனுப்பிய கோட்டோடு எங்கள் கோடு அச்சொட்டு. த. அந்தப் படத்தை ஃபோன் முகப்பில் போட்டிருக்கிறான், தங்கச்சியின் படத்தை எடுத்துவிட்டு. அவளுக்குச் சொல்லவேணும்.

மிச்சம் சரிந்த மோதல், அதாவது நேராக இல்லாமல் சாய்வாக இடிப்பது. வெள்ளிக்கு ரிப்போட் குடுக்கவேணும்.

வாங்க: கல்லுப்பு, பல்பு, முழங்காலுக்கு எண்ணெய்.

செப். 9, செவ்வாய்

வெயில். மின்விசிறி சத்தம் மட்டும் போடுகிறது.

த.: "சரிஞ்ச மோதலும் பாஸ், மச்சாள். ஒருக்கால் பாத்திட்டு ஓமெண்டு சொல்லுங்கோ." பார்க்காமல் ஓம் சொல்லத்தான் என்னை வைத்திருப்பதாக எண்ணம்.

பார்த்தேன். குழாய் மிக வடிவாக நொறுங்குகிறது. பிடிக்கவில்லை. வடிவான எதுவும் எனக்குப் பிடிக்காது என்று தங்கச்சி சொல்லுவாள். நார் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். இடது குழாயில் நீளத்துக்கு. வலதில் சுற்றிவர, அரைநாண் கட்டின மாதிரி.

ரிஸ்வானைக் கூப்பிட்டேன். பாகங்களைக் கணினியில் கட்டம் கட்டமாக வெட்டித் தருகிறவர். முள்ளியவளை ஆள். வாய் என்னைவிட மோசம்.

"அக்கா, இது இடதைக் கண்ணாடியில காட்டி வலதாக்கினது. உடம்பு திரும்பியிட்டுது, நார் குறுக்கால போயிட்டுது."

"ஆர் செய்தது?"

"கேக்கிற கேள்வியைப் பாருங்கோ. நான் செய்திருந்தா நீங்கள் இவ்வளவு சந்தோசமாக் கேப்பீங்களே?"

சந்தோசம்தான். மறுக்கவில்லை.

செப். 10, புதன்

பிழையான குழாயோடு நேர் மோதல் எப்படிப் பொருந்தியது? காலை முழுக்க அதே யோசனை. தேத்தண்ணி ஆறிப்போச்சு.

மொடலில் ஒரு எண் இருக்கிறது: முன்வரிசைக் கட்டங்கள் நொறுங்கினால் பின்வரிசை எவ்வளவு மெலியும் என்று. அளக்க முடியாத எண். கோடு பொருந்தும்வரை திருகுவது. த. திருகு திருகென்று திருகிப் பிழையையும் சேர்த்துப் பொருத்திவிட்டான். சட்டை இறுகுதென்று கண்ணாடியை மாற்றினவன்.

நாரைச் சரியாக்கினேன். எண்ணைத் திரும்பப் பொருத்தினேன். நேர் மோதல் சரி. சரிந்த மோதலில் குழாயின் மூக்குக்கு ஒன்றுமில்லை, அடியில் படக்கென்று முறிவு. பிறகு முன்பக்கம் முழுக்க ஓட்டுகிறவரின் காலுக்குள்.

த.வுக்குக் காட்டினேன். கதவைச் சாத்தினான்.

"மச்சாள், இது ஆருக்கும் தெரியவேண்டாம்."

"கால் போறவனுக்குத் தெரியும்."

"அவங்கள் பிறகு நிஜக் காரை இடிச்சுப் பாப்பாங்கள்தானே."

"அந்த ஒரு காரை இடிக்காமல் விடத்தானே வேலையை உம்மட்டைத் தந்தவங்கள்."

"உங்களுக்கு எப்பவும் என்னில ஒரு இது."

ஓம். கலியாண வீட்டிலிருந்தே. தங்கச்சிக்கு மாலை போடமுன் வீடியோக்காரனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தவன்.

செப். 11, வியாழன்

விடியவே தங்கச்சி ஃபோன்.

"அக்கா, அந்தாள் சாப்பிடேல்லை."

"நல்லது. வண்டி வயிறு குறையும்."

"உனக்குப் பகிடி. இந்த வேலை போனா கந்தோரைப் பூட்டுறதுதான். நாங்கள் எங்க போறது?"

அழுதாள். வைத்துவிட்டேன். பிறகு நானும் கொஞ்சம், கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டு. ஒருத்தரும் பார்க்கவில்லை.

பின்னேரம் கந்தோரில் ரிப்போட்டைத் திறந்தேன். பழைய படம். எல்லாம் பாஸ். கீழே 'சரிபார்த்தவர்': என் பெயர். இனிஷியலோடு. கேட்கவில்லை, சொல்லவில்லை. இருபது வருசமாக என் இனிஷியலைப் பிழையாக எழுதுகிறவன் இதில் மட்டும் சரியாக எழுதியிருக்கிறான். நாய்.

செப். 12, வெள்ளி

கமராக் கூட்டம். த. கழுத்தில் ரை, இடுப்பில் சாரம். அந்தப் பக்கம் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார மனுசி. சாயம் பூசாத துணிச்சல். பொறாமை.

த. அரை மணித்தியாலம் புளுகினான். மனுசி கேட்டது: சரிபார்த்தவர் இருக்கிறாரா?

"அவா இண்டைக்கு லீவு" என்றான் ஆங்கிலத்தில். நான் மேசைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறேன்.

கதிரையை இழுத்துக்கொண்டு கமராவுக்குள் போனேன். லீவில்லை என்றேன். பெயர் என்னுடையது, படம் என்னுடையதல்ல. வலது குழாயில் நார் குறுக்கே. சரியாக்கினால் சரிந்த மோதலில் அடியில் முறிகிறது. என் ஆங்கிலத்தில் காலம், வினை எல்லாம் பிழை. விசயம் போய்ச் சேர்ந்தது. மனுசி பேனையை எடுத்தது.

ரிஸ்வானுக்கு இருமல். சிரிப்பை இருமுகிற ஆள்.

கூட்டம் முடிய த.: "நாளையிலயிருந்து வரத் தேவையில்லை."

"நாளைக்குச் சனிக்கிழமை" என்றேன்.

செப். 15, திங்கள்

வீடு. மிளகாய் காயப் போட்டேன். தங்கச்சி மூன்று நாளாக ஃபோன் எடுக்கவில்லை.

பத்து மணிபோல வாசல் படலையில் த.வின் மோட்டார்சைக்கிள். இறங்கினான், எஞ்சினை நிறுத்தவில்லை.

"மச்சாள், அவங்கள் ரெண்டு மோதலையும் திருப்பி ஓட்டித் தரட்டாம். ரிஸ்வானுக்கு அது தெரியாது."

"உமக்கு?"

மோட்டார்சைக்கிள் கண்ணாடியைத் துடைத்தான். பிறகு: "இன்னொரு சின்ன விசயம். பிழை உங்கட கையால நடந்தது எண்டு எழுதப் போறன். கந்தோர்ர பேர் நிக்கவேணுமெல்லே."

மிளகாயைத் திருப்பிப் போட்டேன். நேரம் எடுத்து.

"நாரைக் குறுக்கால போட்டது தயாபரன் எண்டு உம்மட பேரில எழுதி அனுப்பும். எனக்கும் ஒரு பிரதி. அது வந்தாப்பிறகு சீலை மாத்திக்கொண்டு கந்தோருக்கு வாறன்."

"அவள் அழுவாள், மச்சாள்."

"அழட்டும். சின்னனிலயிருந்தே அவள் அழுதா வடிவு."

ஃபோனை எடுத்தான். பொக்கற்றில் வைத்தான். திரும்ப எடுத்தான். நான் உள்ளே வந்து இதை எழுதுகிறேன். ஜன்னலால் தெரிகிறது, அவன் இன்னும் ஒரு வரியும் எழுதவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்கிறது.

பெற்றோல் அவனுடையது.