மூன்று நாள் வராதவள்

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம்தானே? நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். அப்பா போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடும்போதெல்லாம் நீ நலமாக இருப்பதைத் தெரிந்துகொள்கிறேன். இறங்கி வந்து "ராங் நம்பர்" என்பார். இருபது நிமிட ராங் நம்பர்!

உனக்கு ஒரு செய்தி. இந்த நாற்பத்து நான்கு வயதில் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். இந்த மாதம் மூன்றாம் வகுப்பில் பாடம் நடத்திப் பழகுகிறேன். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் முன்பெஞ்சுப் பையன் ஒருவன், "நீங்க யாரோட அம்மா?" என்றான். இங்கே யாருக்கும் இல்லை, புது மிஸ் என்றேன். "அப்ப உங்க பிள்ளை எங்க?" என்றான். ஒன்பதாம் வாய்ப்பாட்டைக் கேட்டு அவன் வாயை அடைத்தேன்.

காலையில் வருகை எடுப்பது என் வேலை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் பார்த்தால் எந்தப் பெயரில் நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோகிறது. பதிவேட்டிலிருந்து தலையை எடுக்காமலே பெயர்களை வாசித்தேன். குரல் வந்தால் வந்திருக்கிறாள், வராவிட்டால் வரவில்லை. ஒரு சிறுமிக்கு மூன்று நாளும் 'வரவில்லை' என்று போட்டேன்.

மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போன் போகும். அரைமணியில் அவள் அப்பா தலையெல்லாம் மரத்தூளோடு வகுப்பு வாசலில் நின்றார். "காலையில நான்தானே மிஸ் கொண்டாந்து விட்டேன்? எங்க போனா?" என்றார். அவளோ எனக்கு நேர் எதிரே, இரண்டாம் பெஞ்சில், பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

பள்ளியில் அவள் வாயே திறப்பதில்லையாம். பிள்ளைகளுக்கு அது பழகிப்போனதால் யாரும் என்னிடம் சொல்லவில்லை. அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வீட்ல இவ வாய் மூடவே மூடாது மிஸ்" என்று சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். தலைமையாசிரியை திட்டினார், அது நியாயம்தான்.

மறுநாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பெயரைக் கூப்பிட்டால் பேச வேண்டாம், வந்திருப்பதை வேறு எப்படியாவது சொல் என்றேன். பென்சிலால் பெஞ்சில் இரண்டு முறை தட்டினாள். இப்போது தினமும் அந்த இரண்டு தட்டுக்காக வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது.

நீ படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மகளே இல்லை என்று சொன்னதும் துணியைப் பார்த்துத்தான். நீ பதில் பேசவில்லை. உனக்குத் திமிர் என்று நினைத்துக்கொண்டேன். நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நீ வீட்டை விட்டுப் போய் ஏழு மாதமாகிறது.

பதிவேட்டில் அந்த மூன்று நாளையும் சிவப்பு மையால் அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். அடித்தது தெரியத்தான் செய்கிறது.

நீ என்னிடம் பேச வேண்டாம், கண்ணு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மிஸ்டு கால் கொடு. மணி இரண்டு முறை அடித்ததும் வைத்துவிடு. நான் எடுக்க மாட்டேன், சத்தியம்.

வேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

உன்னுடைய அம்மா